நடைபாதைக் கற்களின் சந்தில் செடி நிலைக்கவில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் காணும் முறை

வீட்டுத் தோட்டத்தில் கருங்கல் பலகைகளையோ கடப்பா கற்களையோ இடைவெளி விட்டுப் பதித்து, அந்தச் சந்துகளில் தரையோடு படரும் செடிகளை நட்டால் பாதையின் சூடு தணியும், புழுதி அடங்கும், பார்வைக்கும் இதமாக இருக்கும். ஆனால் வேலூர் வட்டாரத்தில் இப்படி நடப்படும் செடிகள் பல முதல் கோடையைத் தாண்டுவதில்லை. செடி காய்ந்ததும் நர்சரிக்குப் போய் வேறொரு செடியை வாங்கி வந்து அதே சந்தில் நடுகிறார்கள். அடுத்த கோடையில் அதுவும் காய்கிறது. செடியை மாற்றுவதற்கு முன்னால், காய்ந்த செடி எந்த இடத்தில் காய்ந்தது என்று குனிந்து பார்க்க வேண்டும். கல்லின் ஓரமாகக் கருகியதா, சந்தின் நடுவில் தேய்ந்ததா, குழாய்க்கு அருகில் மட்டும் மஞ்சளானதா, வேப்ப மரத்தடியில் மட்டும் வெளிறியதா என்பதைக் கவனித்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும்.

பழைய வட ஆற்காட்டின் பகுதிகளாக இருந்து இன்று வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களாகியிருக்கும் சமவெளி ஊர்களை மனத்தில் வைத்தே இந்த வழிமுறை எழுதப்படுகிறது. இங்கே கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். ஆடி, ஆவணியில் மாலையிலும் இரவிலும் இடியுடன் மழை பெய்யும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவானால் நாள்கணக்கில் நீர் நிற்கும். ஏலகிரி மலைமேல் 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வீடு வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் கீழே சொல்லப்படும் வெயில் எச்சரிக்கைகளைச் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவரையோ பழைய குடைக்கம்பியையோ எடுத்துச் சந்தில் நேராகக் குத்திப் பாருங்கள். நான்கு விரற்கடை ஆழம் வரை தடையின்றி இறங்கினால் மண் இருக்கிறது. இரண்டு விரற்கடையிலேயே 'டக்' என்று நின்றால் கீழே காங்கிரீட் இருக்கிறது. நறநறவென்று உரசிக்கொண்டு இறங்கினால் உள்ளே இருப்பது எம்சாண்டோ கிரஷர் தூசியோதான். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நட்ட சில வாரங்களிலேயே மொத்தமாகக் காய்ந்துவிடுகிறது

இந்த அறிகுறிக்குப் பெரும்பாலும் காரணம் சந்துக்குள் மண்ணே இல்லாததுதான். கல் பதிக்கும் வேலையில் கல் ஆடாமல் நிற்பதே மேஸ்திரிக்கு முக்கியம். அதனால் அடியில் ஜல்லி காங்கிரீட் போட்டு, மேலே கலவை பரப்பி, கல்லை உட்கார வைத்து, மிச்சமிருக்கும் சந்தில் எம்சாண்டைக் கொட்டிச் சமன் செய்துவிடுவார். பார்வைக்கு அது மணல் போலத் தெரிந்தாலும், உடைத்த கல்லின் துகளான அதில் செடிக்கு வேண்டிய மக்கு சிறிதும் இல்லை. கிரஷர் தூசி கலந்திருந்தால் ஒருமுறை நனைந்து காய்ந்ததும் இறுகிக்கொள்ளும். வேர் இறங்க வழியின்றி மேலேயே சுருண்டுகொள்கிறது. காய்ந்த செடியைப் பிடுங்கிப் பார்த்தால், நர்சரிப் பையில் இருந்த செம்மண் உருண்டை அப்படியே உருண்டையாகவே இருப்பதும், அதிலிருந்து ஒரு வெள்ளை வேர்கூட வெளியே வராததும் தெரியும். அப்படித் தெரிந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

சரிசெய்யும் முறை இது. சந்திலுள்ள எம்சாண்டைக் கொத்துக்கரண்டியாலும் பழைய கத்தியாலும் முடிந்த ஆழம் வரை சுரண்டி எடுங்கள்; குறைந்தது நான்கு அங்குலம் கிடைத்தால் நல்லது. ஓரங்களில் சிந்திக் காய்ந்த சிமெண்ட் கட்டிகளையும் தட்டி எடுத்துவிடுங்கள், ஏனெனில் அவை நெடுநாள் சுண்ணாம்பைக் கசியவிட்டு மண்ணின் காரத்தன்மையை ஏற்றும். பிறகு செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய மாட்டெரு ஒரு பங்கு என்று கலந்து நிரப்புங்கள். மண்ணின் மேல்மட்டம் கல்லின் மேல்மட்டத்துக்கு அரை அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். அப்போதுதான் மிதிக்கும் கால் கல்லின் மேல் நிற்கும், செடியின் குருத்து தப்பும்.

கீழே காங்கிரீட் இரண்டு அங்குலத்திலேயே தட்டுப்பட்டு அதை உடைக்கவும் மனமில்லையென்றால், ஆழமான வேர் வேண்டாத செடிகளை மட்டுமே நம்பலாம். டேபிள் ரோஸ் என்றும் பத்து மணிப் பூ என்றும் அழைக்கப்படும் செடி தண்டிலும் இலையிலும் நீரைச் சேமித்துக்கொள்வதால் அந்த மெல்லிய மண்ணிலும் பிழைக்கும். ஆனால் அது மிதி தாங்காது. பாதையின் இரு ஓரச் சந்துகளுக்கே பொருந்தும்.

இன்னும் வேலை தொடங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கல் இறக்கும் அன்றே, "மேஸ்திரி, கல்லுக்கு அடியில மட்டும் கலவை போடுங்க, சந்துல ஒரு கரண்டிகூட விழ வேண்டாம், அங்க செடி வைக்கப் போறோம்" என்று நேரில் நின்று சொல்லிவிடுங்கள். அவர் தடுக்க மாட்டார். வேலை முடிந்த பிறகு சொன்னால் உடைப்பதற்குத் தனிக் கூலி.

மண் சரியாக இருந்தும் மொத்தமாகக் காய்ந்தால், நட்ட செடி எந்த ஊர்ச் செடி என்று பாருங்கள். கல் சந்துக்கு ஏற்றவை என்று வெளிநாட்டுப் படங்களில் காட்டப்படும் படரும் தைம், ஐரிஷ் மாஸ், கோர்சிகன் மின்ட் ஆகியவை மிதமான கோடை உள்ள நாடுகளின் செடிகள். மார்கழி, தை மாதங்களில் இங்கே அவை செழித்து நிற்பதைக் கண்டு நம்பிவிடக் கூடாது. பங்குனியில் வெளிறத் தொடங்கி, கத்திரி வெயிலில் வைக்கோலாகிவிடும். அதில் தப்பிய தைம் ஆவணியின் புழுக்கத்தில் அழுகும். எவ்வளவு கவனித்தாலும் இந்தச் சமவெளியில் அவற்றை ஆண்டு முழுவதும் காப்பாற்ற முடியாது என்பதால், அவற்றுக்குப் பணம் செலவிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சந்தின் நடுவில் பச்சை, கல்லின் ஓரத்தில் மட்டும் கருகல்

இது கல்லின் சூடு. கருங்கல் பகல் முழுவதும் வெயிலை உறிஞ்சி, மாலை வெகுநேரம் வரை சூட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். சித்திரை, வைகாசியில் பிற்பகல் இரண்டு மணிக்கு வெறுங்காலுடன் அதில் நிற்க முடியாது. கடப்பா கல்லும் கறுப்பாக இருந்தால் அப்படித்தான். கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் இலையும், கல்லை ஒட்டிய ஓரங்குல மண்ணும் அந்தச் சூட்டில் வேகின்றன. சந்து இரண்டு அங்குலத்துக்கும் குறைவாக இருந்தால் இரு பக்கச் சூடும் நடுவில் கூடிவிடுவதால், சந்து முழுவதுமே கருகுவதும் உண்டு.

கருகலைக் கண்டதும் பலர் காலையும் மாலையும் கல்லின் மேல் லேசாகத் தண்ணீர் தெளிக்கத் தொடங்குகிறார்கள். அன்போடு செய்யப்படும் இந்தக் காரியம் செடிக்கு உதவுவதில்லை. தினமும் தெளிக்கும் நீர் மேல் அரை அங்குலத்தை மட்டும் நனைக்கிறது. வேரும் அந்த அரை அங்குலத்திலேயே தங்கிவிடுகிறது. மண்ணில் அதிகம் சூடேறும் இடமும் அதுவே. வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை, விடியற்காலையில், நீர் நான்கு அங்குலம் இறங்கும் வரை சந்துக்குள் மெதுவாக விடுங்கள். அதே ஸ்க்ரூடிரைவரைக் குத்தி எடுத்து, அதன் நுனியில் ஈர மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதுமான நீர் இறங்கிவிட்டதா என்பது தெரிந்துவிடும்.

வெயில் படும் சந்துக்கு என் முதல் தேர்வு பொடுதலைதான். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வரப்பிலும் தானாகவே படர்ந்திருக்கும் இந்தச் செடியை நம் ஊரில் எல்லோரும் மிதித்துக் கடந்திருக்கிறோம். சிறிய, சற்றுத் தடித்த இலை. விளிம்பில் நுனிப்பக்கம் மட்டும் ரம்பப் பல். காம்பின் முனையில் ஊதா கலந்த வெள்ளைப் பூக்கள் ஒரு சிறு மொட்டைச் சுற்றி வளையமாக நிற்கும். தரையைத் தொடும் கணு ஒவ்வொன்றிலும் வேர் விடுவதால், ஒரு பக்கம் கருகினாலும் மறு பக்கத்திலிருந்து மீண்டு வரும். வெயில், உப்பு, மிதி, சில நாள் நீர்த்தேக்கம் ஆகிய நான்கையும் ஓரளவு தாங்கும் செடி வேறொன்றை இந்த மண்ணில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். சில நர்சரிகளில் லிப்பியா என்ற பெயரில் விற்கிறார்கள். ஆனால் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூன்று கணு உள்ள தண்டுகளை வெட்டி வந்து, இரண்டு கணு மண்ணுக்குள் இருக்கும்படி ஐந்து அங்குல இடைவெளியில் ஆடி மழையில் ஊன்றினால் கார்த்திகைக்குள் சந்து மூடிவிடும். பூக்களுக்குத் தேனீக்கள் வரும் என்பதால், குழந்தைகள் வெறுங்காலுடன் ஓடும் பாதையில் மட்டும் பூக்கும் காலத்தில் மேலாக நறுக்கிவிடுவது நல்லது.

அடுத்தது சிறுபுள்ளடி. மூன்று சிறு இலைகள் கொண்ட, விரல் உயரம்கூட எழாத பயறுவகைச் செடி. காற்றிலுள்ள தழைச்சத்தை வேர் முடிச்சுகளில் சேர்த்துக்கொள்வதால் உரமும் கேட்பதில்லை. அதன் சிறு காய்கள் துணியில் ஒட்டும் என்பது ஒன்றே குறை. மிதி படாத செம்மண் ஓரங்களுக்கு நீலப் பூப் பூக்கும் விஷ்ணுகிரந்தி அழகு; சரளை மண்ணில்கூட வளரும். வறண்ட ஏரிப்படுகையில் தட்டையாகப் படரும் செருப்படையையும் சிலர் கேட்கிறார்கள். அது ஒரு பருவம் வாழ்ந்து மடியும் செடி, நிலையான போர்வைக்கு ஆகாது. புல்லே வேண்டும் என்பவர்கள் கொரியன் புல்லை நடலாம், ஆனால் அது மெதுவாகவே பரவும். கோடையில் நீரும் கூடுதலாகக் கேட்கும்.

இலை மஞ்சளாகிறது, கல் ஓரத்தில் வெள்ளைப் படிவு தெரிகிறது

எந்த இலை மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுவதுமாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. மக்கிய எருவையோ மண்புழு உரத்தையோ ஒரு பிடி தூவி நீர் விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் பச்சை திரும்பும். நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால், அது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. செம்மண்ணின் நிறமே இரும்பால்தான் வருகிறது. மண் காரமாகிவிட்டதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. சிமெண்ட் கசிவும், சுண்ணாம்புக் கல்லான கடப்பா கல்லின் துகளும், கடினமான போர் தண்ணீரும் சேர்ந்து சந்து மண்ணை அந்த நிலைக்குக் கொண்டுவருகின்றன.

உடனடி நிவாரணத்துக்கு அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, ஒரு கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) சேர்த்து, மாலையில் இலைமேல் தெளிக்கலாம். கல்லின் மேல் பட்டால் துருக்கறை பிடித்துப் போகவே போகாது. ஆகவே தெளிக்கும்போது இரு பக்கக் கற்களையும் பழைய சாக்கால் மூடிவிட்டுத் தெளியுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு எருவைத் தொடர்ந்து சேர்ப்பதும், மழைநீரைப் பாதைப் பக்கம் திருப்புவதும்தான் வழி.

வெள்ளைப் படிவு தெரிந்தால் அதைச் சிறிது சுரண்டி ஒரு தட்டில் போட்டு இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புப் படிவு. நுரைக்காமல் கரைந்தால் உப்பு. கடப்பா கல்லின் மேலேயே வினிகரை விட்டுப் பார்க்காதீர்கள், கல்லே நுரைக்கும். கல்லின் மினுமினுப்பும் போகும். சுண்ணாம்பானால் மேலே சொன்னதே மருந்து. உப்பானால், அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

அநேகமாக வீட்டுக்குள்ளிருந்தே வந்திருக்கும். ஆர்.ஓ. இயந்திரம் குடிநீரைப் பிரித்தபின் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல், மெல்லிய வெள்ளைக் குழாயைச் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, தோட்டத்துக்குத் திருப்பியிருக்கும் வீடுகள் காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் நிறையவே உண்டு. தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள் செய்யும் காரியம் அது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த நீரில் போர் தண்ணீரின் உப்பு முழுவதும் செறிந்து வருகிறது. குழாய் முனை விழும் சந்தில் மண் காய்ந்ததும் வெண்பூச்சுப் பூத்திருக்கும். அதிலிருந்து நான்கைந்து கல் தள்ளிப் போனால் செடி பச்சையாக இருக்கும். இப்படி ஓரிடத்தில் மட்டும் மஞ்சளும் நுனிக் கருகலும் இருந்தால் குழாயின் முனையைத் தேடிப் பாருங்கள். அந்த நீரை வாசல் கழுவவும், கழிவறைக்கும் பயன்படுத்துங்கள், செடிக்கு வேண்டாம். துணி துவைத்த சோப்பு நீரும் அப்படியே. அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கி நீர் இறங்கவிடாமல் செய்யும்.

போர் தண்ணீரே உப்பாக இருக்கும் ஊர்களும் இங்கே உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலின் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது நாடறிந்த செய்தி. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதன் மீது தீர்ப்பே வழங்கியது. அங்கெல்லாம் உப்பைத் தாங்கும் செடியைத் தேர்வதே அறிவு. வெயிலில் பொடுதலை, ஈரம் நிற்கும் இடத்தில் நீர்ப்பிரம்மி. மழைக்காலம் தொடங்கும்போது மண்ணை நன்றாகக் கிளறிவிட்டால் மழை நீர் உப்பைக் கீழே கொண்டுபோகும். ஜிப்சம் போடலாமா என்று கேட்பவர்கள், மண் பரிசோதனை செய்து முடிவைப் பார்த்த பிறகே போட வேண்டும். வேலூருக்கு அருகே விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மண் சோதனை பற்றி அங்கே விசாரிக்கலாம்.

சந்தின் நடுவில், அதே இடத்தில், திரும்பத் திரும்பத் தேய்ந்துபோகிறது

இங்கே செடியின் மீதும் குற்றமில்லை, மண்ணின் மீதும் இல்லை. கற்கள் பதித்த இடைவெளி நடப்பவர்களின் காலடிக்குப் பொருந்தவில்லை. ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடு வரை சுமார் இரண்டடி இருந்தால் பெரியவர்கள் இயல்பாக நடக்கலாம். புடவை கட்டிய வயதான அம்மாவும் ஊன்றுகோல் பிடித்த தாத்தாவும் அவ்வளவு எட்டு வைக்க மாட்டார்கள். ஒன்றரை அடியே அவர்களுக்கு வசதி. கல் தள்ளித் தள்ளி இருந்தால் ஒரு கால் கல்லிலும் மறு கால் செடியிலும் விழும்.

பாதையில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, வீட்டில் அதிகம் நடப்பவரை வழக்கம்போல நடந்துபோகச் சொல்லுங்கள். ஈரத்தில் பதியும் அடிச்சுவட்டைப் பார்த்தால் எந்தக் கல்லை நகர்த்த வேண்டும் என்பது தெளிவாகிவிடும். காங்கிரீட் போடாமல் மணல் மேல் பதித்த கற்களானால் கடப்பாரையால் நெம்பி அரை நாளில் நகர்த்திவிடலாம். நகர்த்த முடியாத இடத்தில், தேய்ந்த சந்தில் ஒரு சிறு கல்லைக் கூடுதலாகப் பதித்துவிடுங்கள். எவ்வளவு உறுதியான செடியானாலும் ஒரே இடத்தில் தினமும் பல முறை விழும் மிதியைத் தாங்காது. மிதி தாங்கும் என்று செடியைப் பற்றிச் சொல்வதெல்லாம் எப்போதாவது தவறிவிழும் காலடியைத்தான் குறிக்கும்.

மழைக்குப் பின் கறுத்து அழுகுகிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் நிற்கும் சந்துகளில் செடியின் அடித்தண்டு கறுத்து, இழுத்தால் வழுவழுவென்று கையோடு வரும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்துச் சென்று எந்தச் சந்தில் இன்னும் நீர் மின்னுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதைக்குக் குறுக்கே ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு இருந்தால் நீர் வடிந்துவிடும். களிமண் அடியில் இருந்தால், பாதையின் தாழ்ந்த ஓரத்தில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி எடுத்துச் சரளை நிரப்பி, நீர் அதற்குள் இறங்கும்படி விடலாம். அழுகிய செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, வெயில் காணவிட்டு, தை மாதத்தில் மீண்டும் நடுங்கள். கல்லின் மேல் பாசி பிடித்திருந்தால் அதைத் தென்னந்துடைப்பத்தால் உடனே தேய்த்து எடுத்துவிட வேண்டும். செடியைவிட அங்கே நடப்பவரின் இடுப்பெலும்பு முக்கியம்.

நெடுநெடுவென்று வளர்ந்து, இலை வெளிறி, இடையிடையே மண் தெரிகிறது

நிழல். மாமரத்தடியிலும் மதில் ஓரத்திலும் பொடுதலை, டேபிள் ரோஸ், புல் எதுவும் தரையோடு படராது. வெளிச்சத்தைத் தேடி எழும்பும். காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது நேர் வெயில் விழாத சந்தில் வெயில் செடியை வைக்காதீர்கள். அங்கே வல்லாரை நன்றாக வரும், மண் எப்போதும் ஈரமாக இருந்தால். துவையலுக்குப் பறிக்கும் எண்ணம் இருந்தால், செருப்பு மிதியும் சோப்பு நீரும் படும் பாதையிலிருந்து பறிக்க வேண்டாம். அதற்கென்று ஒரு தொட்டியில் தனியாக வளர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவாக ஈரமில்லாத நிழலுக்குக் குட்டை மோண்டோ புல் பொருந்தும். விலை கூடுதல், பரவுவதும் மெதுவே, ஆனால் பல ஆண்டுகள் நிற்கும்.

வேப்ப மரத்தடியில் இன்னொரு தொல்லை உண்டு. மாசி, பங்குனியில் உதிரும் சருகு சந்தில் படிந்து செடியை மூடிவிடும். வாரம் இருமுறை துடைப்பத்தால் மெதுவாகக் கூட்டிவிடுவது தவிர இதற்கு வேறு வழி இல்லை.

கல்லே தெரியாமல் மூடிக்கொள்கிறது

மழைக்காலத்தில் பொடுதலையும் பொன்னாங்கண்ணியும் கல்லின் மேல் ஏறும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கல்லின் விளிம்பை ஒட்டிக் கத்தியால் கீறி, மேலே வந்த கொடியை இழுத்துவிட்டால் அடங்கும். வெட்டிய துண்டுகளைத் தோட்டத்தில் போட்டுவைக்காதீர்கள், விழுந்த இடத்தில் வேர் பிடிக்கும். உயரம் இரண்டு மூன்று அங்குலத்தைத் தாண்டவிடக் கூடாது என்பதற்கு அழகைக் காட்டிலும் பெரிய காரணம் இருக்கிறது. அடர்ந்த கொடிக்கு அடியில் தேளோ பாம்போ இருந்தால் இரவில் கண்ணுக்குத் தெரியாது. மலையடிவாரத்தில் வீடு உள்ளவர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது.

மஞ்சள் பூப் பூக்கும் வெடிலியா கொடியை நர்சரியில் மலிவாகத் தருவார்கள்; வேகமாக மூடும் என்பதும் உண்மை. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த அந்தக் கொடி சந்தோடு நிற்காது, வேலி தாண்டி வாய்க்காலுக்குப் போய்விடும். அதை ஒழிப்பது நட்டதைப் போல எளிதாக இராது. வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் மழைக்கு முன்பே வேரோடு எடுத்து, நன்கு காயவைத்து அப்புறப்படுத்துங்கள்.

நட்டதை விடக் கோரையும் அறுகும் அதிகமாக வருகின்றன

கோரை எப்படி வந்தது என்பதே இங்கே கேள்வி. ஏரி வண்டலை அப்படியே கொண்டுவந்து சந்தில் நிரப்பியிருந்தால் அதிலேயே கிழங்குகள் இருந்திருக்கும். நர்சரிப் பையின் மண்ணிலும், பாயாக விற்கும் புல்லின் அடியிலும் வரும். வாங்கும்போதே பையைக் கவிழ்த்து வேர் மண்ணைப் பார்த்து, கறுத்த சிறு கிழங்கோ முக்கோணத் தண்டுள்ள கூரிய தளிரோ தெரிந்தால் அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

கோரையின் மேல்பகுதியைப் பிடுங்கினால் கீழிருக்கும் கிழங்கு மீண்டும் முளைக்கும். சந்து சிறியதாக இருப்பதால் இங்கே ஒரு வசதி உண்டு: மழைக்கு மறுநாள் மண் இளகியிருக்கும்போது, குறுகிய தோண்டுகருவியைத் தண்டை ஒட்டி ஆழமாக இறக்கி, கிழங்கோடு தூக்கிவிடலாம். ஒவ்வொரு தளிரும் ஐந்தாறு இலை விடுவதற்குள் இப்படி எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கின் சேமிப்பு தீர்ந்து, ஒரு வருடத்தில் வெகுவாகக் குறையும். சந்து முழுவதும் கோரையானால் செடிகளை எடுத்துவிட்டு, சித்திரையில் மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் இறுக்கி மூடி ஆறு வாரம் வெயிலில் விடுங்கள். களை விதைகள் பெரும்பாலும் வெந்துவிடும். ஆழத்திலுள்ள கோரைக் கிழங்கு மட்டும் சில தப்பும், அவற்றைக் கையால் எடுக்க வேண்டும். களைக்கொல்லி தெளிப்பதை நான் ஏற்பதில்லை. இவ்வளவு குறுகிய இடத்தில் நட்ட செடியில் படாமல் தெளிக்க முடியாது. கல்லின் மேல் படிந்த மருந்தில் குழந்தைகளும் நாய்க்குட்டியும் நடக்கும்.

அறுகுக்கும் இதே முறைதான். கூடுதலாக ஒன்று: அது பெரும்பாலும் பக்கத்துப் புல்வெளியிலிருந்து கல்லுக்கு அடியில் நுழைந்து வருவதால், பாதை ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கல்நார் ஓடு அல்லாத ஏதாவது தகட்டையோ பழைய கடப்பா துண்டுகளையோ செங்குத்தாகப் பதித்துத் தடுப்பு போடுங்கள். நெருஞ்சி முளைத்தால் மட்டும் காய் முற்றும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும்.

வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கிறது

மாவுப்பூச்சி, டேபிள் ரோஸில் அடிக்கடி வரும். முதலில் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். மீதமிருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சில துளி சோப்புக் கரைசலுடன் கலந்து, வெயில் தாழ்ந்த பின் வாரம் ஒருமுறை தெளியுங்கள். எறும்பு வரிசை தெரிந்தால் அதையும் தடுக்க வேண்டும், பூச்சியைச் செடிக்குச் செடி கொண்டுபோவது எறும்புதான். கரையான் மண் மூடியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் காய்ந்த சருகைத் தின்ன வந்ததாகவே இருக்கும்.

எதை நட்டாலும் பிடிக்காத சந்து

மாடித் தொட்டி நிரம்பி வழியும் நீர் விழும் இடம், ஸ்கூட்டர் சக்கரம் தினமும் ஏறும் இடம், கீழே காங்கிரீட் உள்ள ஓரங்குலச் சந்து, ஏ.சி. இயந்திரத்தின் வெளிப்பெட்டி அனல் காற்றை ஊதும் இடம் ஆகியவற்றில் செடி வைக்க முயல வேண்டாம். அங்கே மண்ணை இரண்டு அங்குலம் எடுத்துவிட்டு, கழுவிய சிறு கூழாங்கற்களை நிரப்புங்கள். அடியில் பாலிதீன் தாள் விரித்தால் நீர் இறங்காது என்பதால் அதைத் தவிர்த்து, பழைய பருத்தித் துணியையோ சணல் சாக்கையோ ஓர் அடுக்கு போட்டால் போதும், மக்கும் வரை களையைத் தடுக்கும். கூழாங்கல்லின் மேல்மட்டத்தைப் பலகைக் கல்லுக்கு அரை அங்குலம் கீழே நிறுத்திவிட்டால், நடக்கும்போது காலில் பட்டுப் பாதையில் சிதறாது.